இரண்டு மட்டைகளும் ஒரு சம்பந்தியும்

சாப்பாட்டு மேசையில் இரண்டு விளையாட்டு மட்டைகள் கிடந்தன. வீட்டுக்காரர் தன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தது. ஒன்று கறுப்பு, மெலிதானது, விரலால் சுண்டினால் டங்கென்று விறைப்பாகச் சத்தம் போட்டது. மற்றது சாம்பல் நிறம், கொஞ்சம் தடிமன், சுண்டினால் தப்பென்று அடங்கிப்போனது. கறுப்பு பவர் மட்டை. சாம்பல் கன்ட்ரோல் மட்டை. விளையாட்டுச் சாமான் கடைக்காரர் இரண்டையும் திங்கட்கிழமை வீட்டுக்காரரின் மனைவி கையில் கொடுத்து, "ஒரு வாரம் ஆடிப் பாருங்கம்மா. சனிக்கிழமை ஒண்ணைத் திருப்பிக் கொண்டாந்துடுங்க" என்று அனுப்பியிருந்தார்.

"பவர்னா பந்து பறக்கும். கன்ட்ரோல்னா நீங்க சொன்ன இடத்துல உக்காரும்" என்று விளக்கமும் சொன்னார்.

"பறக்கறதுக்குத்தானே பந்து? உக்காரறதுக்கு நாற்காலி இருக்கு" என்றாள் இவள். ஆனாலும் கடைக்காரர் சாம்பல் மட்டையையும் பையில் போட்டுத்தான் கொடுத்தார். நல்ல மனுஷர்.

இவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. மைதானத்தில் எல்லோரும் இடியக்கா என்று கூப்பிடுவார்கள். முதலில் யார் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் வேண்டாதது போல முகத்தை வைத்துக்கொள்வாள்; உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துபோகும்.

ஆட்டத்தின் பெயர் பிக்கிள்பால். வீட்டுக்காரர் அதை ஊறுகாய்ப் பந்து என்பார். மேசைப்பந்து மட்டைக்கு அண்ணன் மாதிரி ஒரு மட்டை, உடம்பெல்லாம் ஓட்டையான பிளாஸ்டிக் பந்து, நடுவில் ஒரு வலை, இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். வலையை ஒட்டி இருபுறமும் ஏழடிக்கு ஒரு பட்டை போட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் கிச்சன். அந்தப் பட்டைக்குள் நின்றுகொண்டு தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. முதல் நாள் இந்தச் சட்டத்தைக் கேட்டதும் இடியக்கா, "கிச்சன்ல நிக்கக் கூடாதுன்னு ஒரு ஆட்டமா? இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றாள். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆட்டத்தின் மேல் அவளுக்குப் பிரியம் வந்துவிட்டது.

அவளுடைய அடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. இருபத்தொன்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத கூடம், வரிசையாகச் சலவை இயந்திரங்கள், எந்நேரமும் நீராவி. துவைத்து வெளியே வரும் படுக்கை விரிப்புகள் வடம்போல் முறுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படீரென்று உதறி, சுருக்கம் போக இழுத்து, இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விட வேண்டும். விட்டது நேராகப் போகவில்லையென்றால் மறுபக்கம் கோணலாக வந்து விழும். மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி பேசுவார். இவள் உதறினால் ஒரே உதறலில் விரிப்பு பலகை மாதிரி நிற்கும். எதிர்முனையைப் பிடித்தவளுக்குத் தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும். இவளுடன் ஜோடி சேர்ந்தவர்களில் மூன்று பேர் தையல் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கெல்லாம் உடம்பில் தெம்பு போதாது என்று இவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு நில்லாமல் சொல்லவும் செய்தாள்.

போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அதே மாதம் மகளும் மருமகனும் வேலை மாற்றலாகி, விமானத்தில் போகிற தூரத்துக்குக் குடிபோனார்கள். ஒரே மகள். இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததுதான் வினை. ஒன்றாவது மிஞ்சியிருந்தால் சமாளித்திருப்பாள். வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். தலை வாருவதில்லை. கேட்டதற்குப் பதிலில்லை. வீட்டுக்காரர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அவரே சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். திரும்பி வந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன கேடு" என்று ஒரே வரி. அதற்கும் மேல் பேச அவளிடம் சக்தியில்லை. இப்படி மூன்று மாதம்.

அந்த நாற்காலியிலிருந்து அவளைக் கிளப்பியது சம்பந்தியம்மா. மகளின் மாமியார். மருந்துக்கடையில் மருந்தாளுநர், கணவரை இழந்து தனியாக இருப்பவர், ஒல்லி, மூக்கின்மேல் கண்ணாடி, ஒவ்வொரு வார்த்தையையும் சொட்டு மருந்து மாதிரி அளந்து விடுகிறவர். கல்யாணமான புதிதில் இவளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "அந்தம்மா வணக்கம் சொன்னாக்கூட மூணு வேளை சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு சொல்ற மாதிரியே இருக்கு" என்று வீட்டுக்காரரிடம் குறைபடுவாள். அந்த அம்மாள்தான் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு பழைய மர மட்டைகள்.

"சம்பந்தி, நூலகத்துக்குப் பின்னாடி ஏதோ விளையாட்டு சொல்லித் தர்றாங்களாம். தனியாப் போகக் கூச்சமா இருக்கு. துணைக்கு வர்றீங்களா?"

'உங்க நல்லதுக்கு' என்று கூப்பிட்டிருந்தால் இவள் போயிருக்க மாட்டாள். சம்பந்தி வாய் திறந்து உதவி கேட்கிறாரே, மறுத்தால் நன்றாக இருக்காதே என்று செருப்பைத் தேடினாள். மறுநாளும் ஆறு மணிக்கு அதே குரல். அதற்கு மறுநாளும். ஒரு வருஷம் ஆகிவிட்டது. மழை நாளைத் தவிர ஒரு நாளும் அந்தக் குரல் தவறவில்லை. இன்றைக்கு அவள் தலை வாரிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, வீட்டுக்காரரை வம்புக்கு இழுக்கிறாள் என்றால் அதற்கு அந்தக் குரல்தான் காரணம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான். சம்பந்திக்கு நன்றி சொல்வதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற சமாசாரம்; நேரில் எப்படிச் சொல்வது?

அதனால் அவள் வேறொரு வழி வைத்திருந்தாள். அடுத்த மாதம் மைதானத்தில் ஜோடிப் போட்டி. ஞாயிற்றுக்கிழமைக்குள் பலகையில் ஒட்டியிருக்கும் தாளில் ஜோடியாகப் பெயர் எழுத வேண்டும். சம்பந்தியோடு சேர்ந்து ஜெயித்து, அந்தக் கோப்பையை அவர் வீட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்பது இவள் எண்ணம். ஒரே ஒரு சிக்கல். சம்பந்தியம்மா கொஞ்சம் மந்தம். எதிராளி ஓங்கி அடிக்கும் பந்துக்கு விலகத் தெரியாது. கையில், தோளில், தொடையில் வாங்கிக்கொள்வார். "பாத்து விலகக் கூடாதா சம்பந்தி? நான் நல்லாத்தானே அடிக்கிறேன்" என்று இவளும் அலுத்துக்கொள்வாள். அவர் சிரித்துவிட்டுப் பந்தை எடுத்துக் கொடுப்பார். சமீபமாக வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை வேறு. எதிராளி திருப்பி அடிப்பதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டால் சம்பந்திக்கு அடியே விழாது அல்லவா? அதற்குத்தான் பவர் மட்டை. கறுப்பை வாங்குவதென்று திங்கட்கிழமையே முடிவாகிவிட்டது. சம்பந்தியின் நன்மைக்காகத்தான்.

வீட்டுக்காரர் கடையில் கண்ணாடி ஃபிரேம் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து இரண்டு மட்டையையும் அளந்தார். "இது பதிமூணு மில்லிமீட்டர். இது பதினாறு. மூணு மில்லிக்கு என்ன பெரிய வித்தியாசம்?" என்றார்.

"உங்களுக்கு ஊறுகாய் எது, பந்து எதுன்னே தெரியாது. பேசாமச் சாப்பிடுங்க" என்றாள்.

புதன்கிழமைதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

மைதானம் என்பது நூலகத்துக்குப் பின்னால் இருந்த பழைய டென்னிஸ் தளம். அதைக் கோடு போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். ஆடுகிறவர்கள் இருபது பேருக்கு மேல், தளம் இரண்டுதான். அதனால் கம்பி வேலியில் நீளமாக ஒரு மரச்சட்டம் அடித்திருந்தார்கள். வந்தவுடன் அவரவர் மட்டையை அதில் சொருகிவிட வேண்டும். அதுதான் வரிசை. தளம் காலியானால் முன்னால் இருக்கிற நான்கு மட்டைக்காரர்கள் போக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் சொருகியவர்கள் ஜோடி. இதை நிர்வாகம் செய்கிறவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பழக்க தோஷம், "அடுத்த நாலு பேர் ஏறுங்க! வழியில நிக்காதீங்க!" என்றுதான் கூப்பிடுவார். அவர் வைத்ததுதான் அங்கே சட்டம்.

இடியக்கா வந்ததும் வழக்கம்போல் ஒரு மட்டையைச் சொருகினாள். கறுப்பு. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் நின்றுவிட்ட சம்பந்தியம்மா வந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே மரச்சட்டத்துக்குப் போனார்கள். அவர் தன் மட்டையைச் சொருக, இவள் பையிலிருந்த சாம்பல் மட்டையை எடுத்து அதன் பக்கத்தில் சொருகினாள். ஒருவருக்கு ஒரு மட்டை என்பதே ஒரு வருஷப் பழக்கம். இந்த வாரம் தன்னிடம் இரண்டு இருப்பது கைக்குத் தெரியவில்லை.

"கறுப்பு யாரோடது? ஏறுங்க!" என்றார் கண்டக்டர். இடியக்காவின் கறுப்புக்குப் பக்கத்தில் இருந்தது லாரியின் மட்டை. லாரி என்பது லாரி ஓட்டுகிற ஒரு பெரிய உடம்புக்காரர். எதிரே நூலகரும் அவர் மனைவியும். இரண்டு பேரும் ஆடும்போதுகூடச் சத்தம் போட மாட்டார்கள்.

"நான் சம்பந்தியோடதானே..." என்று இழுத்தாள்.

"அங்க ஒரு மட்டை, இங்க ஒரு மட்டை. ஒரே ஆளு ரெண்டு சீட்டு போட்டு வச்சிருக்கீங்க இடியக்கா! முதல் வண்டி வந்தாச்சு, ஏறுங்க. உங்க சம்பந்திக்கு நர்ஸம்மாவைப் போடறேன்."

சட்டம் சட்டம்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு போனாள்.

முதல் பந்தையே லாரி ஓங்கி அறைந்தார். வேகத்தில் குறையில்லை. ஆனால் வலையைத் தாண்டும்போது பந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்பியிருந்தது. நூலகரின் மனைவி அலட்டிக்கொள்ளாமல் மட்டையை மேலிருந்து கீழே இறக்கினார். பந்து லாரியிடம் போகவில்லை. முன்னால் வலையருகே நின்ற இடியக்காவின் மேற்கையில் பளீரென்று விழுந்தது. ஓட்டைப் பந்துதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினாலு அடி தூரத்திலிருந்து வந்தால் சுள்ளென்று உறைக்கும். இரண்டாவது தொடையில். மூன்றாவது காறை எலும்பில். ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். பின்னால் லாரி ஓங்குவார், பந்து எழும்பும், அந்தப் பக்கம் கீழே இறக்குவார்கள், இவள் வாங்கிக்கொள்வாள். விலகுவதற்கு நேரமே இல்லை. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா அடிங்களேன்!"

லாரிக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. "நான் நல்லாத்தானேக்கா அடிக்கிறேன்? நீங்கதான் பாத்து விலகணும்."

அந்த வார்த்தைகளை இடியக்கா முன்பே கேட்டிருக்கிறாள். அப்போது சொன்னது அவள் குரல், அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்துத் தளத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வழக்கமாக ஆட வருகிற நர்ஸம்மா பந்தைத் தட்டித் தட்டி வலைக்குச் சற்று மேலே, கிச்சனுக்குள் விழும்படி வைத்துக்கொண்டிருந்தாள். கீழே கிடக்கும் பந்தை எதிராளி ஓங்கி அடிக்க வழியில்லை. அவர்களும் தட்டித்தான் கொடுக்க வேண்டும். அவள் பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். மந்தமாம் மந்தம்! எட்டி எடுக்கிறார், குனிந்து எடுக்கிறார், ஒரு பந்து மேலே படவில்லை. நான்காவது அடி இடியக்காவின் முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் விழத்தானே செய்யும்.

ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பந்தியிடம் நேராகப் போனாள். அனுமதி கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். வட்ட வட்டமாக இருந்தது. புதியது நீலம், அதற்கு முந்தியது பச்சை, பழையது மஞ்சள்.

"இது என்ன சம்பந்தி?"

"அது... தோல் கொஞ்சம் மென்மை. எதுல இடிச்சாலும் இப்படித்தான்" என்று சட்டையை இறக்கிவிட்டார் அவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி; காது சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பந்து படுவதை அவள் பார்க்காமல் இல்லை. ஒரு வருஷமாகப் பார்த்தாள். அடித்தது எதிராளி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக, "என்னங்க, சம்பந்தி கண்ணாடி எப்பவாவது உங்க கடைக்கு வந்துச்சா?" என்று கேட்டாள்.

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டால் அவர் செய்கிற வேலை அது. "மூணு தடவை ஃபிரேமை நிமித்திக் கொடுத்தேன். ஒரு தடவை லென்ஸே மாத்தினேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

"கட்டின பொண்டாட்டிகிட்டயா?"

"சம்பந்தி கேட்டா தட்ட முடியுமாம்மா? கீழ விழுந்துடுச்சுன்னாங்க. கீழ விழற கண்ணாடி மூக்குப் பக்கம் மட்டும் ஏன் நசுங்குதுன்னு நானும் கேக்கலை."

அவள் திட்டவில்லை. திட்டாததைக் கண்டு அவர்தான் பயந்துபோனார். மேசையிலிருந்து இரண்டு மட்டைகளையும் எடுத்துப் பையில் போட்டு மூடிவிட்டு, "அந்தம்மா என் பக்கத்துல நிக்கறதுக்கு என்னங்க தலையெழுத்து?" என்றாள். அழுகை வந்தது. தையல் பிரிவுக்குப் போன அந்த மூன்று பேரும் அன்று அவள் நினைவில் வந்து போனார்கள்.

வியாழக்கிழமை மைதானத்துக்குப் போகவில்லை. கால் வலி என்று ஒரு சாக்கு. சாயந்திரம் நர்ஸம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தாள். நர்ஸம்மா மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போட்டிக்கு உங்க சம்பந்தியை என்னோட சேத்துக்கட்டுமா? அவங்ககிட்டக் கேட்டேன், இடியக்காவைக் கேட்டுச் சொல்றேன்னுட்டாங்க" என்றாள். அவளோடு ஆடினால் சம்பந்தியின் மேல் ஒரு கீறல் விழாது. கோப்பைகூடக் கிடைக்கும். ஆனால் ஒரு தடவை வேறு ஜோடி அமைந்துவிட்டால், காலை ஆறு மணிக்கு வாசலில் யார் வந்து நிற்கப் போகிறார்கள்? அந்த நாற்காலி இன்னும் வாசலைப் பார்த்துத்தான் கிடக்கிறது. அன்றிரவு முழுக்க யோசித்து, சம்பந்தியை விட்டுக்கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். இத்தனை செய்தவருக்கு இதையாவது செய்யாவிட்டால் அவள் மனுஷியே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மருந்துக்கடைக்குப் போனாள். சம்பந்தியம்மா வெள்ளைக் கோட்டில், நீலத் தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, தட்டையான கத்தியால் ஐந்து ஐந்தாக ஒதுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. இடியக்கா பேசினாள்.

"சம்பந்தி, போட்டிக்கு நர்ஸம்மாவோட பேர் கொடுத்துடுங்க."

"நாப்பத்தஞ்சு..." கத்தி நின்றது. "என்னைக் கழட்டி விடறீங்களா?"

"கழட்டி விடலை. காப்பாத்தறேன்."

"நான் கேட்டேனா?"

"நீங்க கேக்க மாட்டீங்களே! ஒரு வருஷமா என் கையால அடி வாங்கியிருக்கீங்க. எதிராளி கையைக் கடன் வாங்கி நானே உங்களை அடிச்சிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'சம்பந்தி, மெதுவா அடிங்க'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன கடிச்சுத் தின்னுடுவேனா?"

இருமலோடு வந்து காத்திருந்த ஒருவர் இருமுவதை நிறுத்திவிட்டுக் கவனிக்கத் தொடங்கினார். சம்பந்தியம்மா கத்தியைக் கீழே வைத்தார். எண்ணியது கலைந்துவிட்டது, அவருக்கு அப்படிக் கலைந்து பல வருஷம் இருக்கும்.

"அந்த மூணு மாசம் நான் உங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. கதவைத் திறப்பீங்க, போய் உக்காந்துடுவீங்க. என் முகத்தைக்கூடப் பாக்க மாட்டீங்க. உங்க பொண்ணு எனக்குத்தான் போன் பண்ணி அழுவா. 'அத்தை, எங்கம்மாவுக்கு ஏதாவது பண்ணுங்க, எனக்குப் பயமா இருக்கு'ன்னு. நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது மாத்திரைதான். அதை நீங்க தொட மாட்டீங்க. கடைசியில இந்த ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் நாள் நீங்க ஓங்கி ஒரு அடி அடிச்சீங்க பாருங்க, பந்து வேலியத் தாண்டி நூலகத்துக் கூரை மேல போச்சு. வாய் விட்டுச் சிரிச்சீங்க. மூணு மாசத்துல முதல் சிரிப்பு. அன்னிக்கு உங்க பொண்ணுக்குப் போன் பண்ணி, 'உங்கம்மா சிரிச்சுட்டாங்கடி'ன்னேன். ரெண்டு பேரும் அழுதோம்."

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"அப்புறம் பாத்தேன். ஓங்கி அடிக்கும்போது மட்டுந்தான் நீங்க சிரிப்பீங்க. உங்களை மெதுவா அடிக்கச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும் சம்பந்தி? கை நீலமானா தடவ மருந்து என் அலமாரியில இருக்கு."

இடியக்கா கவுன்டர் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். இருமல்காரர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். இவள் அதை வாங்கவில்லை, வாங்காததே நல்லது.

"நீங்க மட்டும் வரலைன்னா நான் அந்த நாற்காலியிலேயே மக்கிப் போயிருப்பேன். இதை உங்ககிட்ட என்னிக்கோ சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சம்பந்தியாச்சேன்னு..."

"சம்பந்தியா இருந்தா என்ன? சொன்னா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார் அவர். பிறகு கையை நீட்டி இவள் மேற்கையில் புதன்கிழமை விழுந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து ஒரு களிம்பை எடுத்தார். "ரெண்டு வேளை. அழுத்தித் தேய்க்காதீங்க, உங்க கை எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கடைக்குப் போய் இரண்டு மட்டையையும் கவுன்டரில் வைத்தார்கள். கடைக்காரர் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

"கறுப்பைக் கொடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

"சாம்பலைக் கொடுங்க" என்றாள் இடியக்கா.

"சொன்னாக் கேளுங்க சம்பந்தி, கறுப்புதான் உங்க கைக்குப் பொருத்தம். நான் விலகப் பழகிக்கறேன்."

"நீங்க விலகவே வேணாம். பக்கத்துலயே நில்லுங்க. நான்தான் பழகிக்கணும்."

"யாராவது ஒருத்தர் முடிவாச் சொல்லுங்கம்மா" என்றார் கடைக்காரர். இடியக்கா சாம்பல் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். வேகமாக முடிவெடுப்பதை மட்டும் அவள் விடவில்லை.

ஞாயிறு காலை இரண்டு பேரும் போய்ப் பலகைத் தாளில் ஜோடியாகப் பெயர் எழுதினார்கள். பிறகு மரச்சட்டத்தில் இரண்டே இரண்டு மட்டைகளைச் சொருகினார்கள். கண்டக்டர் வந்து எண்ணிப் பார்த்துக்கொண்டார். எதிரே நர்ஸம்மாவும் லாரியும்.

சாம்பல் மட்டையோடு இடியக்கா ஆடிய லட்சணத்தை விவரிக்காமல் விடுவதுதான் மரியாதை. மெதுவாக அடிப்பது என்றால் என்னவென்றே அந்தக் கைக்குத் தெரியவில்லை. மூன்று பந்து வலையில். ஒரு பந்து தன் காலடியிலேயே. "இடியக்கா, இன்னிக்கு இடி இல்லையா?" என்று லாரி கிண்டல் செய்தார். ஏழுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. கை பரபரத்தது. எழும்பி வந்த பந்து ஒவ்வொன்றும் அறை அறை என்றது. பக்கத்தில் அந்த ஒல்லி உடம்பு நிற்பதைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டினாள்.

கடைசியில் ஒரு பந்து வாகாக விழுந்தது. மட்டையில் தப்பென்று பட்டு, வலைக்கு விரல் உயரம் மேலே ஏறி, அந்தப் பக்கம் கிச்சனுக்குள் இறங்கியது. நர்ஸம்மா தட்டிக் கொடுத்தாள். சம்பந்தியம்மா தட்டினார். லாரியால் ஓங்க முடியவில்லை, அவரும் தட்டினார். திரும்ப இவள். திரும்ப அவர்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பதினைந்தாவதை இவள் வலையோரமாக மெல்ல வைத்தாள். அது வலையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. லாரி பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, பந்தை எடுக்க முடியாமல் வலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இடியக்கா சிரித்தாள். இடுப்பில் கையை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, நூலகம் வரைக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த சர்வீஸ் சம்பந்தியம்மாவுடையது. பந்து அவர் கையில்தான் இருந்தது.

"ஸ்கோரைச் சொல்லிப் போடுங்கம்மா! வண்டி நிக்குது!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கண்டக்டர் கத்தினார்.

"இருங்க, இருங்க" என்றார் சம்பந்தியம்மா. கண்ணாடியைக் கழற்றி முழுக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரியலை."